கெஞ்ச வேண்டாம், கேட்போம்

எங்கள் சாச்சியின் மகனுக்கு ஒரு காது கேட்காது. மற்றக் காதில் செவிப்புலன் கருவி பொருத்தினால் ஓரளவு கேட்கும். அவனைத் தரம் 1இல் சேர்க்கப் போனபோது, "இந்தப் பிள்ளைக்கு இங்கே சரிவராது" என்று வாய்ச்சொல்லாகவே கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாச்சி ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்கு வந்து அழுதார். என்ன கேட்க வேண்டுமென்று எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

உண்மையில் சட்டம் சாச்சியின் பக்கமே இருந்தது. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனமொன்றில் அனுமதி வழங்குவதில் பாரபட்சம் காட்டக்கூடாது. அவ்வாறு நடந்தால் மேல் நீதிமன்றத்தை நாடலாம். இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் 2016இல் நம் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் சட்டம் தானாக வந்து பாடசாலைக் கதவைத் தட்டாது. பெற்றோர்தான் அதைக் கையிலெடுத்துச் செல்ல வேண்டும். அதற்குப் பயிற்சி தேவை.

அமெரிக்காவில் 1975இல் வந்த சட்டம், விசேட தேவையுடைய பிள்ளையின் கல்வித் திட்டத்தைத் தயாரிக்கும்போது பெற்றோருக்கும் இடமளித்தது. அந்த இடத்தில் அமர்ந்து பேசக் கற்றுக்கொடுப்பதற்காகவே இன்று அங்கே மாநிலந்தோறும் அரச நிதியில் பெற்றோர் பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. சென்னையில் 1985இல் வித்யா சாகர் நிலையத்தைத் தொடங்கிய பூனம் நடராஜனும் பெருமூளை வாதமுள்ள பிள்ளையின் தாயே.

இப்பயிற்சியில் கற்க வேண்டியவை கடினமானவை அல்ல.

முதலாவது, ஆவணம். வைத்திய அறிக்கைகள், பிறப்புச் சான்றிதழ், கடிதப் பிரதிகள் யாவும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தெளிவான கோரிக்கை. "பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது கெஞ்சல். "முன்வரிசையில் இடம் வேண்டும், ஆசிரியர் முகம் பார்த்துப் பேச வேண்டும், பரீட்சையில் மேலதிக நேரம் வேண்டும்" என்பது கோரிக்கை.

மூன்றாவது, எழுத்து. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். சிங்களம் சரளமாக வராத கண்டித் தாய்மாருக்கு ஒரு செய்தி: தமிழும் அரச கரும மொழியே. தமிழில் எழுதத் தயங்க வேண்டாம்.

நான்காவது, அடுத்த படி. அதிபரிடம் தீர்வு கிடைக்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவு, அதற்கும் அப்பால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிப் பிராந்திய அலுவலகம்.

எங்கள் அயலிலுள்ள ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இவற்றைச் சாச்சிக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அதிபராக நடித்தேன். முதல்நாள் சாச்சிக்குக் குரலே எழும்பவில்லை. மூன்றாம் நாள் என்னையே மடக்கிவிட்டார்!

மகன் இப்போது பாடசாலை போகிறான். ஆனால் ஒரு வருடம் பிந்தித்தான் சேர்ந்தான். அந்த ஒரு வருடத்தை யாராலும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அன்பான பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கட்டடம் பற்றியும் விழாக்கள் பற்றியும் பேசுகிறோம். அவற்றோடு இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குவோம். மாணவிகளாகிய நாங்கள் கடிதம் எழுத உதவுவோம், அதிபராகவும் நடிப்போம். இன்னொரு பிள்ளையின் வருடம் வீணாகக்கூடாது.