சோலைக்காட்டு ஜீவன்கள் – 9: குளத்தைத் துறந்த தவளை

சென்ற வாரம் பேரிஜம் ஏரிக்கரைப் புல்வெளியில் நின்றோம். இவ்வாரம் சோலைக்குள் நுழைவோம், அதுவும் ஐப்பசி மாதத்து அந்திப் பொழுதில், வாடைமழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்து, பாசி படர்ந்த கிளைகளினின்று நீர் சொட்டிக்கொண்டிருக்கும் வேளையில்.

வட்டக்கானல் பாதையோரப் புதர்களில் 'டிக், டிக்' என்று, கூழாங்கல்லோடு கூழாங்கல் தட்டுவது போன்ற ஓர் ஓசை எழும். ஏதோ பூச்சி என்று எண்ணிக் கடந்து போகிறவர்களே அநேகர். கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்து இலை இலையாகத் தேடினால், கட்டைவிரலின் மேற்கணு அளவேயுள்ள ஒரு தவளை, ஈர இலைமேல் கால்களை ஊன்றி அமர்ந்து, ஒளி ஊடுருவும் ஒற்றைக் குரற்பையைத் தொண்டையடியில் உருண்டையாக ஊதி, துணையை அழைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தப் பை புடைத்துச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் அதன் சிறு தேகம் முழுவதும் அதிர்கிறது.

கோடைக்கானலிலிருந்து இப்பிராணியை விஞ்ஞான உலகுக்கு 2006இல் அறிமுகம் செய்தவர்கள் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசைட்டும். கொல்லம் மாவட்டத்துக் கடைக்கலில் பிறந்து, தாவர சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பின்னும் தவளைகளின்பால் மனத்தைப் பறிகொடுத்து, பிரஸ்ஸல்ஸ் நகரில் இரண்டாவது டாக்டர் பட்டத்துக்கு உழைத்தவர் பிஜு. பிரெஞ்சு அறிஞர் அலேன் துபுவாவைக் கௌரவிக்கும் பொருட்டு இதற்கு 'துபுவா' என்ற பெயர் அமைந்தது. 2010இல் இவ்வினத்தார்க்கு வகுக்கப்பட்ட 'ராவோர்கெஸ்டெஸ்' என்னும் பேரினப் பெயரிலோ நம்மவர் ஒருவர் வாழ்கிறார்: கோயம்புத்தூரில் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் போதித்து, 'கரண்ட் சயன்ஸ்' பத்திரிகையின் முதல் ஆசிரியராகவும் விளங்கிய சி.ஆர். நாராயண ராவ்.

குளத்தில் முட்டை, முட்டையினின்று தலைப்பிரட்டை, வால் உதிர்ந்தபின் தவளை என்று நாம் பள்ளியில் படித்த பாடம் இக்குலத்துக்குப் பொருந்துவதில்லை. செங்குத்தான மலையில் தேங்கிய ஜலம் அரிது. ஓடைகளோ வேகமாகப் பாய்வன. இத்தவளைகளின் முட்டைக்குள், தாய் சேமித்து வைத்த மஞ்சட்கருவையே ஆகாரமாகக் கொண்டு, தலைப்பிரட்டைப் பருவம் நீந்தாமலே கழிந்துவிட, கைகால்கள் முளைத்த பூரணமான குட்டித் தவளையே நேராக வெளிவருகிறது. இப்படிக் குளத்தைத் துறந்துவிட்டாலும் ஈரத்தைத் துறக்க இயலவில்லை. ஏனெனில் முட்டைக்கு ஓடில்லை.

இதன் உறவினர்களிடம் ஆராய்ச்சியாளர் கண்ட செய்திகள் மனத்தை உருக்குவன. இலங்கைக் காடுகளில், ஆணை முதுகில் சுமந்தபடியே தாய்த்தவளை தரைக்கு இறங்கி, மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மண்ணாலேயே மூடிவிட்டுப் போகிறது. நூறாண்டுகளுக்கும் மேலாக அறிஞர் கண்ணில் படாதிருந்து, பிஜுவின் தேடல் இயக்கத்தால் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்ட 'கலசோடெஸ்' தவளையோ, களக்காடு முண்டந்துறை மலையில், மெல்லிய மூங்கிலின் கணுவிடையிலுள்ள குறுகிய பிளவின் வழியே உள்ளே நுழைந்து இனம்பெருக்குகிறது. அங்கே முட்டைகளைக் காப்பது தந்தை. கே.எஸ். சேஷாத்ரி முதலியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட செய்தி இது. தந்தையை அப்புறப்படுத்திப் பார்த்தபோது, அந்த முட்டைகளைத் தின்ன வந்த முதன்மையான எதிரி அதே இனத்து வேறோர் ஆணே என்று பின்னர் தெரியவந்தது. அந்த இருட்டறையில் தந்தை ஏன் அவ்வாறு விலகாமல் காத்துக் கிடக்கிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

பழனி மலையில் இக்குலத்தின் தொட்டில் சோலையின் ஈரந்தான். பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்திருந்து மெல்லக் கசியவிடும் புல்வெளியும் சோலையும் ஒன்றையொன்று தாங்குவன. 1973 முதல் நாற்பதாண்டுகளில், வாட்டில், பைன், தைலமரத் தோட்டங்களாலும் விவசாயத்தாலும் இம்மலைத்தொடரின் புல்வெளி மூன்றில் இரு பங்கு அழிந்ததை விண்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் 2018இல் காட்டினார்கள். கோடையில் பைன்மரங்களின் கீழே நின்று, புகைப்படம் எடுத்து மகிழும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், உலர்ந்த அந்த ஊசியிலைப் படுக்கையைக் காலால் விலக்கி, அடியிலே ஈரம் இருக்கிறதா என்று தேடாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இதே மலையின் ஓடைக்கரையில், நுரையால் கூடு கட்டும் வேறொரு தவளை உண்டு. 2008இல் பெயர் பெற்ற அதற்குக் கண்ணில் நட்சத்திரம். அதனை அடுத்த வாரம் காண்போம்.