பகை முற்றினால் காதலா?

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்கோ நெடுந்தீவுப் படகுக்கோ காத்திருப்பவர்களின் பேச்சில் முந்தைய இரவு நாடகம் அடிக்கடி வந்துபோகும். "உவன் இப்ப இப்பிடி எரிஞ்சு விழுறான். கடைசியில அவளைத்தான் கட்டுவான், இருந்து பாருங்கோ அக்கா." அக்காவும் மறுக்கமாட்டார். முடிவு தெரிந்துகொண்டே இருவரும் அன்றிரவும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்கள். தெரிந்த முடிவுக்காக ஒருவர் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்?

'இது காதலா' என்ற பெயரில் விஜய் தொலைக்காட்சியில் மொழிமாற்றி வந்த இந்தி நாடகம் பலருக்கு நினைவிருக்கும். இந்தியில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 400 பகுதிகள் ஓடியது. கதாநாயகன் அர்ணவும் கதாநாயகி குஷியும் முதல் சந்திப்பிலேயே மோதிக்கொள்கிறார்கள். கதையைத் தாங்கியது அந்த மோதல்தான்.

மோதலில் தொடங்கும் காதல் நம்மை ஏன் இழுக்கிறது என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் 1965லேயே கிடைத்துவிட்டது. எலியட் அரன்சன், டார்வின் லிண்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 80 கல்லூரிப் பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒவ்வொரு பெண்ணும் இன்னொருத்தியுடன் ஏழு முறை உரையாடுவாள். ஒவ்வோர் உரையாடலுக்குப் பிறகும், மற்றவள் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பது அவள் காதில் விழும்படி ஏற்பாடு. அந்த மற்றவள் ஆய்வாளர்களின் ஆள். சிலரை அவள் தொடக்கம் முதல் முடிவு வரை புகழ்ந்தாள். சிலரைக் கடைசிவரை குறை சொன்னாள். சிலரைப் புகழ்ந்து பிறகு இகழ்ந்தாள். சிலரை முதலில் இகழ்ந்து, போகப்போகப் புகழ்ந்தாள். பின்னர், 'அவளை உனக்கு எவ்வளவு பிடிக்கிறது?' என்று கேட்டார்கள். முழுக்கப் புகழ்ந்தவளுக்குச் சராசரியாக 6.42 புள்ளி. இகழ்ந்து பிறகு மனம் மாறியவளுக்கு 7.67. புகழ்ந்துவிட்டு மாறியவளுக்குக் கிடைத்ததோ 0.87 மட்டும்.

எல்லோரையும் புகழ்கிறவரின் புகழ்ச்சி நம் காதில் நிற்பதில்லை. நம்மைப் பிடிக்காத ஒருவர் நாளடைவில் நம் பக்கம் திரும்பினால், அவர் நம்மைக் கவனித்துத்தான் திரும்பியிருக்கிறார் என்று மனம் கணக்குப் போடுகிறது. கதாநாயகனின் முதல் புன்சிரிப்பு 60ஆவது பகுதியில் வந்தாலும் நெஞ்சில் இனிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். முடிவு தெரிந்திருக்கலாம்; அந்த மாற்றம் எந்த இடத்தில், எந்தப் பார்வையில் தொடங்கும் என்பது தெரியாது.

சண்டையின் சூட்டுக்கும் பங்குண்டு. கோபத்திலும் காதலிலும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஒன்றில் எழுந்த படபடப்பு இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடலாம். 1981இல் கிரெகரி வைட்டும் சகாக்களும் ஆண்களை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, பிறகு ஒரு பெண்ணின் ஒளிப்பதிவைக் காட்டினார்கள். மூச்சு வாங்கியவர்களுக்கு அழகாகத் தோன்றியவள் மேலும் அழகானாள். அழகு குறைவாக ஒப்பனை செய்யப்பட்டவளையோ அவர்களுக்கு இன்னும் பிடிக்காமல் போனது. சிடுசிடுக்கும் கதாநாயகனுக்கு அழகான நடிகரையே தேடுவதற்கு இது போதிய காரணம்.

ஆனால் நிஜப் பகை எப்படிக் கரைகிறது? குறிகட்டுவானிலிருந்து படகேறினால் வரும் நயினாதீவின் தலபுராணமே இதைத்தான் பேசுகிறது. நாகபூசணி அம்மனுக்குப் பூ எடுத்து நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறிக்கிறது. நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொள்ள, கருடன் இன்னொரு பாறையில் காத்திருக்கிறது. கடல் வழியே வந்த வணிகர் ஒருவர் இடையில் புகுந்து மன்றாடுகிறார். அம்மனுக்குக் கோயில் கட்டினால் விடுகிறேன் என்கிறது கருடன். நாகத்தை விட்டபின் கருடன் கடலில் மூன்று முறை மூழ்கித் தன் பழைய பாவம் தீர்த்துக்கொண்டதாகவும் கதை.

பகை கரைவதை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் 11 வயதையொட்டிய 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கிக் காட்டு முகாமில் தங்கவைத்தார். குழுக்களுக்குச் சிறுவர்களே பெயர் வைத்தார்கள்: ஒன்றுக்குக் கிலுகிலுப்பைப் பாம்பு, மற்றதற்குக் கழுகு. நயினாதீவுக் கதை தெரிந்த எனக்கு முதலில் படித்தபோது மெய்சிலிர்த்தது. போட்டி வைத்ததும் கொடியை எரித்தார்கள், குடிலைச் சூறையாடினார்கள். ஒன்றாகச் சாப்பிட வைத்தபோதும் உணவை வாரி எறிந்துதான் முடிந்தது. பிறகு முகாமுக்குத் தண்ணீர் நின்றது. சாப்பாடு ஏற்றவேண்டிய லொறி கிளம்ப மறுத்தது. இரண்டுமே ஆய்வாளர்களின் ஏற்பாடு. கயிறிழுக்கும் போட்டியில் எதிரெதிரே பிடித்த அதே கயிற்றால் இரு குழுவும் சேர்ந்து லொறியை இழுத்தன. கடைசி நாளில் ஒரே பேருந்தில் வீடு திரும்பினார்கள். பாம்புக் குழு தன் பரிசுப்பணம் ஐந்து டொலரில் எல்லோருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது.

கதாசிரியர்கள் பொது வேலை என்ற இந்த லொறியை விதவிதமாக ஓட்டுகிறார்கள். 2019இல் தொடங்கிய 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' என்ற கொரிய நாடகத்தில், வடகொரிய இராணுவ அதிகாரியும் தென்கொரியச் செல்வந்தர் வீட்டுப் பெண்ணும் சேர்ந்து சுமப்பது ஒரே வேலை: அவளைப் பத்திரமாக வீடு சேர்ப்பது.

இந்த ஆய்வுகளைக் காட்டி எல்லா நாடகத்தையும் நியாயப்படுத்த முடியாது. ஷெரீபின் சிறுவர்கள் வயதிலும் வலுவிலும் சமமானவர்கள். பகை தணியச் சமநிலையும் பொது நோக்கமும் வேண்டும் என்று கோர்டன் ஆல்போர்ட்டும் அதே 1954இல் எழுதினார். அரன்சன் சோதனையில் அந்தப் பெண் சொன்னது வெறும் அபிப்பிராயம். அவள் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அர்ணவோ குஷியை மிரட்டி ஆறு மாதத் திருமணத்துக்குப் பணிய வைக்கிறான். அவன் முதலாளி, அவள் வசதி குறைந்த வீட்டுப் பெண். அந்தக் கொடுமையைக் காதலின் முன்பணமாகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அதைப் பார்த்து வளரும் பெண்பிள்ளைகளை நினைத்தால் கவலையாகவே இருக்கிறது.

இதற்கு மாறான வழியும் உண்டு. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை பிபிசி 1995இல் ஆறு பகுதிகளாக எடுத்தது. அங்கும் டார்சி பெரும் பணக்காரன், எலிசபெத் வசதி குறைந்தவள். கதையின் நடுவில் அவன் மணம் கேட்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். அவன் வற்புறுத்தவில்லை. மறுநாள் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலகிப்போகிறான். பின்னர் அவள் குடும்பத்துக்குச் செய்யும் பேருதவியையும் அவளிடமிருந்து மறைக்கவே பார்க்கிறான். நம் நாடகங்களிலும் கதாநாயகி சொன்ன 'மாட்டேன்' ஓர் ஐம்பது பகுதிக்காவது செல்லுபடியாகட்டும். அவன் மாறிவிட்டான் என்று நம்ப அப்போது எங்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.