குறைவிரல் வீரர்

ஆஸ்திரேலிய நாட்டின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், இப்ஸ்விச் நகரை அடுத்த பைன் மௌண்டன் என்னும் சிற்றூரில், 1882-ஆம் ஆண்டு உழவர் ஒருவர்க்கு மகனாகத் தோன்றியவர் பெர்ட் அயன்மங்கர். உடன்பிறந்தார் பதின்மருள் இவரே இளையவர். இளமையில் ஒருநாள், கால்நடைகளுக்குத் தீனி நறுக்கும் பொறியில் இவரது இடக்கை அகப்பட்டது. சுட்டுவிரலின் நுனி துண்டாயிற்று. தமக்கையார் அக்கையை மாவுப்பையினுள் அழுத்திக் குருதிப் பெருக்கை நிறுத்தினார் என்பர்.

விரல் குறைந்தவர்க்கு விளையாட்டு ஏது? அயன்மங்கரோ எஞ்சிய குறைவிரலைப் பந்தின்மீது ஊன்றிச் சுழற்றி வீசப் பழகினார். தரையிற்பட்ட பந்து திசைமாறித் திரும்பியது. மட்டை பிடித்தோர் திகைத்தனர்.

எனினும், நாட்டின் அணியில் இடம்பெற இவர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 1928-இல் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியபோது இவரது அகவை 46. ஏனையோர் ஆடுகளத்தை விட்டு நீங்கும் பருவம் அது. 1932-இல் மெல்போர்ன் நகரில் தென்னாப்பிரிக்க அணியை எதிர்த்தார். முதல் இன்னிங்ஸில் 6 ஓட்டங்களே தந்து 5 விக்கெட்டுகளையும், அடுத்ததில் 18 ஓட்டங்கள் தந்து 6 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். எதிரணியார் முறையே 36, 45 ஓட்டங்களுக்குள் அடங்கினர். 14 டெஸ்ட் ஆட்டங்களில் 74 விக்கெட்டுகளைக் கைப்பற்றிய இவர், 1933-இல், தம் 50-ஆம் அகவையில் இறுதி டெஸ்ட் ஆடினார்.

புகழ் வந்தபோதும் உழைப்பை இவர் கைவிடவில்லை. மெல்போர்னை ஒட்டிய செயிண்ட் கில்டா நகரவையில் தோட்டப் பணியாளராக உழைத்தார், 1971-இல் மறைந்தார்.

இழந்ததை எண்ணி ஏங்குவோர் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவர். எஞ்சியதைக் கொண்டு முயல்வோர்க்குக் குறையும் கருவியாகும். அயன்மங்கரின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.