பிள்ளைக்குப் புது மருந்தா? முதலில் கேளுங்கள்!

டவுண் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் ஒரு நாளாவது கேட்டிருக்கும் கேள்வி, "இதற்கு மருந்து இல்லையா?" என்பதாகும். பதில் சொல்லப் பலர் வருவார்கள். மூளை வளர்ச்சிக்கு என்று ஒருவர் சத்துப் பாணி விற்பார். வெளிநாட்டு உறவினர் குளிசை அனுப்புவார். புது மருந்தொன்றைப் பரிசோதிக்கிறார்கள், பிள்ளையைச் சேர்க்கலாமே என்று இன்னொருவர் சொல்வார். காணியை விட்டு வந்து கூலி வேலையில் நாளைக் கொண்டுபோகும் குடும்பம் இவற்றில் எதை நம்புவது? நம்பிச் செலவழிக்கும் பணமும் பெரிது; வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்ற மனச்சுமையும் பெரிது.

1990 இல் தீவகத்திலிருந்தும் வலிகாமம் வடக்கிலிருந்தும் பெயர்ந்த குடும்பங்கள் குருநகர் போன்ற கரையோரப் பகுதிகளிலும் பாடசாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் ஒதுங்கின. 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாண நகரமே பெயர்ந்தது. அப்படியான காலத்தில் கிளினிக் கொப்பி தொலைவதும் தவணை தவறுவதும் வழமை. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்தவர்கள். அவர்களுக்காகவும், இன்று பிறக்கும் பிள்ளைகளுக்காகவும் இந்த விடயத்தை நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

யார் செய்த பாவமும் அல்ல

எமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக உள்ளன. டவுண் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். இதை 1959 இல் வெளியிட்டவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜெரோம் லெஜுன். கத்தோலிக்கரான இவரைத் திருச்சபை 2021 இல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. கிரகணம், சாபம், தாயின் கவலை, தகப்பனின் குடி எதுவும் இதற்குக் காரணமல்ல. தாயின் வயது கூடும்போது வாய்ப்புக் கூடும். ஆனால் இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிள்ளை பிறக்கிறது. மேலதிக நிறமூர்த்தத்தை எடுத்துவிடும் மருந்து உலகில் எங்கும் இல்லை. இருக்கிறது என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

வெங்காயத் தறையில் ஒரு பரீட்சை

மருந்துப் பரிசோதனை என்றால் என்ன என்பதைத் தோட்டக்காரருக்கு விளக்குவது இலகு. புதுப் பசளை ஒன்று வருகிறது. அதை எல்லாப் பாத்திகளுக்கும் போட்டு விளைச்சல் நன்றாக வந்தால், அது பசளையாலா, மழையாலா, நல்ல விதை வெங்காயத்தாலா என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே தறையில், ஒரே விதை, ஒரே இறைப்பு வைத்து, பாதிப் பாத்திகளுக்குப் புதுப் பசளையும் மீதிக்குப் பழையதும் போட்டு நிறுத்துப் பார்ப்போம். நல்ல மண் உள்ள பாத்திகளையே புதுப் பசளைக்கு ஒதுக்கினாலும் கணக்குப் பிழைக்கும்.

மருந்துக்கும் இதுவே முறை. யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுப் போடுவதுபோல் தீர்மானிப்பார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மை மருந்து. மற்றவர்களுக்கு அதேபோலத் தோன்றும், மருந்துச் சரக்கில்லாத வெறுமருந்து. எது எவருக்கு என்பது முடிவு வரும்வரை பெற்றோருக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. காரணம் உண்டு. பிள்ளை எப்படியும் மாதத்துக்கு மாதம் வளரும். ஆசையோடு பார்க்கும் கண்ணுக்கு அந்த வளர்ச்சியெல்லாம் மருந்தின் பலனாகவே தெரியும்.

156 குழந்தைகள் சொன்ன பாடம்

டவுண் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு விற்றமின், சிங்க், செலேனியம், ஃபோலினிக் அமிலம் கொடுத்தால் அறிவு வளரும் என்று மேல்நாடுகளில் பலர் நம்பினர். பெற்றோர் பெரும் பணம் செலவழித்தனர். இங்கிலாந்தில் 7 மாதத்துக்கு உட்பட்ட 156 குழந்தைகளைச் சேர்த்து, மேற்சொன்ன முறையில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2008 இல் வெளிவந்தது. சத்து மருந்து பெற்ற பிள்ளைகளுக்கும் வெறுமருந்து பெற்ற பிள்ளைகளுக்கும் வளர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை.

இது தோல்வியான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் போத்தலை வாங்க வழியில்லாத தாய்க்கு இது பெரிய ஆறுதல். அவர் தம் பிள்ளைக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

எல்லா ஆய்வும் இப்படி முடிவதில்லை. பெரும்பாலும் பெண்பிள்ளைகளைப் பாதிக்கும் ரெட் சிண்ட்ரோம் என்னும் வேறொரு பரம்பரையலகுக் குறைபாட்டுக்கு, 187 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில் டுரோஃபினெற்றைட் என்ற மருந்து ஓரளவு பலன் தந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்கா அதை அனுமதித்தது. அதுவும் முற்றாகக் குணப்படுத்தும் மருந்து அல்ல. குடித்தவர்களில் பத்துப்பேரில் எட்டுப்பேருக்கு வயிற்றோட்டம் ஏற்பட்டது. பலனையும் பக்கவிளைவையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

கையொப்பம் பெற்றோருடையது

ஏழைகளிடம் சம்மதம் கேட்கும்போது என்ன பிழை நடக்கலாம் என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. 2009 இல் ஆந்திராவிலும் குஜராத்திலும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய ஆய்வொன்றில் பழங்குடிச் சிறுமிகள் பலர் சேர்க்கப்பட்டனர். பெற்றோர் ஒப்பமிட வேண்டிய இடத்தில் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்பமிட்டிருந்தனர். 2010 இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013 இல் பாராளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதே, இலங்கையில் 2017 முதல் பாடசாலை மாணவிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. பிழை, சம்மதம் பெற்ற முறையில்தான்.

இடம்பெயர்ந்தோர் இதை மறக்கக்கூடாது. முகாம் பொறுப்பாளரோ, கிராம அலுவலரோ, அதிபரோ, பங்குத்தந்தையோ உங்கள் பிள்ளைக்காக ஒப்பமிட முடியாது. நிவாரணத்தையோ வைத்தியசாலைச் சிகிச்சையையோ காட்டிச் சம்மதம் கேட்பது முறையல்ல.

இலங்கையில் மருந்துப் பரிசோதனை நடத்த ஒழுக்கவியல் மீளாய்வுக் குழு ஒன்றின் அங்கீகாரம் வேண்டும். யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அத்தகைய குழு உண்டு. இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் தொடங்கிய பதிவேட்டில் பரிசோதனைகள் பதியப்படுகின்றன. 2015ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் இவற்றைக் கண்காணிக்கிறது.

யாராவது கேட்டு வந்தால், நீங்கள் கேட்க வேண்டியவை:

1. இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையா, பரிசோதனையா?
2. எந்தக் குழு அங்கீகரித்தது? பதிவு இலக்கம் என்ன?
3. என் பிள்ளைக்கு வெறுமருந்து கிடைக்கக்கூடுமா?
4. என்ன தீங்கு வரலாம்? வந்தால் செலவை யார் ஏற்பார்?
5. இடையில் விலகினால் வழமையான சிகிச்சை தொடருமா?
6. ஆய்வு முடிந்தபின் மருந்து எமக்குக் கிடைக்குமா?

விளக்கம் தமிழில், எழுத்தில் வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அன்றே ஒப்பமிட வேண்டியதில்லை. வீட்டில் பேசி முடிவெடுங்கள். பரிசோதனையில் சேர்க்கப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

அமெரிக்காவில் டவுண் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 1983 இல் ஏறத்தாழ 25 வயது. இன்று 60 வயதளவில். இந்த மாற்றத்தை எந்த அற்புத மருந்தும் கொண்டுவரவில்லை. இருதயச் சத்திரசிகிச்சையும், ஒழுங்கான வைத்தியப் பராமரிப்பும், பிள்ளைகளை நிலையங்களில் ஒதுக்காமல் வீட்டில் வளர்த்ததுமே கொண்டுவந்தன.

இப்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறைபாடு இருக்கும். வெளியில் தெரியாவிட்டாலும் பிறந்தவுடன் ஸ்கான் செய்து பார்க்க வேண்டும். தைரொயிட் சுரப்பியை ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். குறைவாயின் தைரொக்சின் குளிசை போதும். கண்ணும் காதும் பார்க்கப்பட வேண்டும். காது கேளாத பிள்ளையை மந்தம் என்று விட்டுவிடுகிறோம். இளவயதிலேயே உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தொடங்க வேண்டும். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் கிளினிக்குக்கு வழிகாட்டுவார். குருநகரில் இருப்போருக்கு யாழ். போதனா வைத்தியசாலை நடை தூரத்தில்தான் உள்ளது.

கிளினிக் கொப்பியையும் அறிக்கைகளையும் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் உறையில் வையுங்கள். வீட்டை விட்டு எழும்ப நேர்ந்தால் முதலில் கையில் எடுப்பது அந்த உறையாக இருக்கட்டும். பிள்ளையை ஆலயத்துக்கும் பாடசாலைக்கும் தோட்டத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள். நாற்று நடவும், வெங்காயம் பிடுங்கவும், கோழிக்குத் தீன் போடவும் அவர்களால் முடியும். புது மருந்து ஒரு நாள் வரலாம். அது வரும் நாளில், நெஞ்சுரத்தோடு கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோரே பிள்ளைக்கு முதற் பாதுகாப்பு.