எத்தனை நாள் ஆகும்?

எலும்பு முறிந்தவருக்கு மாவுக்கட்டு எப்பொழுது பிரிக்கப்படும் என்பது ஏறக்குறையத் தெரியும். மனத்துயருக்காக உளவியல் நிபுணரை நாடுகிறவருக்கோ அத்தகைய நாட்கணக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஓரிரு முறை பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிச் செல்கிறோம். மூன்றாம் வாரத்திலும் பாரம் குறையாவிடில், நம் நோய் தீராது என முடிவு கட்டி நின்றுவிடுகிறோம். சிகிச்சை நின்றுபோவதினும் அம்முடிவே பெரிய கேடு.

இக்கேள்வி புதியதன்று. சிக்மண்ட் பிராய்டு 1913-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் ஈசாப்பின் கதையை நினைவூட்டினார். ஊர் இன்னும் எவ்வளவு தொலைவு என்று கேட்ட வழிப்போக்கனை, ஞானி முதலில் நடக்கச் சொன்னாராம். நடையின் வேகம் தெரியாமல் விடை கூற இயலாதன்றோ! பிராய்டின் சிகிச்சை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீண்டது.

1960-களில் ஆரன் பெக் வகுத்த முறை, துயர் தரும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்துவது. மனச்சோர்வுக்கு அது பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளில் முடிவதாக அமைந்தது. முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து, கென்னத் ஹோவர்டும் அவர்தம் குழுவினரும் 1986-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். ஏறத்தாழ 8 அமர்வுகளுக்குள் பாதிப்பேரும், 26 அமர்வுகளுக்குள் முக்கால் பங்கினரும் முன்னேற்றம் கண்டிருந்தனர். வாரம் ஒருமுறை எனில் 26 அமர்வு என்பது அரையாண்டு. இவை பலரைச் சேர்த்துக் கண்ட அளவு. தனி ஒருவருக்கு விதித்த கெடு அன்று. முன்னேற்றமும் முழு நலமும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் முதல் நாளிலேயே மூன்றைக் கேட்டறிதல் நன்று: உத்தேசமாக எத்தனை அமர்வுகள் தேவைப்படும்? முன்னேற்றத்தை எதனால் அறிவது? எப்பொழுது இருவரும் கூடி மறுபரிசீலனை செய்வது? பலன் இல்லை என்று தோன்றினால், சொல்லாமல் நின்றுவிடாது அதையே எடுத்துரைக்க வேண்டும். முறையை மாற்றவோ வேறு நிபுணரிடம் அனுப்பவோ அப்பொழுதுதான் வழி பிறக்கும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னும் இரண்டு உண்டு. இடமாற்றமும் ஊர்ப்பயணமும் சிகிச்சையை இடையில் முறிக்கக்கூடும். அவற்றை முன்னதாகவே தெரிவித்தல் வேண்டும். துயரை வேற்றுமொழியில் பெயர்த்துச் சொல்வதும் ஒரு சுமையே. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அதன் மொழிகளுள் தமிழும் ஒன்று. நீண்ட சிகிச்சைக்கு அது ஈடாகாது; எங்கே தொடங்குவது என்று தாய்மொழியில் கேட்பதற்கு உதவும்.