இருப்புப் பாதையும் இறங்குதுறையும்

தீவிலே வாழும் மக்களுக்கு வெளியுலகம் என்பது கடலுக்கு அப்பால் இருப்பது. ஆகாய விமானம் வருமுன்னர் அவ்வுலகத்தை எட்ட நினைத்தவன் முதலில் ஒரு துறைமுகத்தை அடைதல் வேண்டும். அதை அடைய நல்லதொரு நிலவழி வேண்டும். ஆதலின், புகைவண்டியும் கப்பலும் எவ்விடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றனவோ, அவ்விடமே தீவின் வாயில் எனலாம். அந்த வாயில் எப்போது திறந்தது, எவ்வாறு மூடியது, மறுபடியும் எங்கே திறந்தது என்பதை அறிந்துகொள்வது, கல்முனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நம் கரையோரத்தார்க்கு மிகவும் வேண்டுவதொன்று. கடலை வீட்டு முற்றமாகக் கொண்டிருந்தும், புகைவண்டியும் இன்றிப் பயணிகள் கப்பலும் இன்றி வாழ்கின்ற கரை இது.

எனினும் இக்கரையின் நினைவெல்லாம் கடல் கடந்த நினைவே. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் எழுந்தது. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் அங்கே கொடி ஏறும்போது, அக்கரையில் நாகூரிலும் கந்தூரிக் கொடி ஏறுகின்றது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் வீதியில் 1828 ஆம் ஆண்டுக்கும் 1830 ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவும், பினாங்கில் உள்ள தர்காவும் இதே மரபைச் சேர்ந்தவை. தமிழ் பேசும் முஸ்லிம் மாலுமிகளும் வணிகரும் தாம் சென்ற துறைதோறும் நட்டுவைத்த அடையாளங்கள் இவை. ஆகவே, கல்முனையிலிருந்து நாகூருக்குப் போகும் வழி யாது என்ற வினா வெறும் பிரயாண வினா அன்று. ஓர் உறவு எவ்வாறு பேணப்பட்டது, எவ்வாறு துண்டிக்கப்பட்டது என்ற வினாவுமாகும்.

தண்டவாளம் மட்டக்களப்பில் நின்றது

பாய்க்கப்பலின் காலம் கழிந்து நீராவியின் காலம் வந்தபோது, கிழக்கு மாகாணம் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. மாகோ சந்தியிலிருந்து கிழக்கே பிரிந்த இருப்புப் பாதை கல் ஓயா சந்தியில் இரு கிளையாயிற்று. ஒரு கிளை 1927 இல் திருகோணமலையை அடைந்தது. மற்றொன்று 1928 இல் மட்டக்களப்பை அடைந்தது. இந்தக் கல் ஓயா சந்தியின் பெயரைக் கேட்டு அம்பாறையின் கல் ஓயாவை நினைப்பவர் பலர். ஆற்றுக்கும் சந்திக்கும் பெயர் ஒன்றே தவிர உறவு இல்லை. சந்தி இருப்பது ஹபரணைப் பக்கத்துக் காட்டில். ஆறு பாய்வதோ நம் வயல்களில்.

கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீற்றர் ஓடிவந்த வண்டி மட்டக்களப்பு நகரில் நின்றுவிட்டது. அங்கிருந்து தெற்கே கல்முனை சுமார் 40 கிலோமீற்றர். அச்சிறு தூரத்தை ஏன் தண்டவாளம் கடக்கவில்லை என்பதற்குப் பூகோளமே முதல் விடை கூறும். மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, தரையைக் கடற்கரையினின்றும் பிரித்து வைத்திருக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல் திடல். அதன்மேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர்கள். ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை என வீடும் வளவும் தெருவுமாக நெருங்கிய அந்த நிலத்தில், ஒரு தண்டவாளத்துக்கு வேண்டிய அகலத்தை விட்டுக்கொடுக்க எவருக்கும் இடமில்லை.

தெருவுக்கு மட்டும் ஒரு பாலம் கிடைத்தது. ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயர் தாங்கிய கல்லடிப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. ஒரு வண்டி மட்டுமே ஒரு நேரத்திற் செல்லத்தக்க அந்த ஒடுங்கிய இரும்புப் பாலத்தின் வழியேதான் தென்பகுதி முழுதும் புகைவண்டி நிலையத்தைச் சேர்ந்தது. அதனருகே புதிய அகன்ற பாலம் எழுந்தது 2013 இல். அம்பாறை மாவட்டம் 1961 இல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும், புகைவண்டி நிலையம் ஒன்றுகூட இல்லாத கரையாகவே நம் கரை பிரிந்தது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை பாதையை நீட்டல் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும், பின் அடங்கும். கோச்சி ஏறுவதென்றால் மட்டக்களப்புக்குப் போவது என்பதே இங்கு இன்றளவும் பொருள்.

கப்பலோடு கைகோத்த வண்டி

இத்துணைக் குறைகள் இருந்தும், ஒரு காலத்தில் கல்முனை யாத்திரிகனுக்கு நாகூர் எட்டாத ஊராக இருக்கவில்லை. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. சென்னை எழும்பூரிற் புறப்பட்ட ‘போட் மெயில்’ வண்டி தனுஷ்கோடித் துறையின் விளிம்பு வரை வந்து நிற்கும். பயணி இறங்கிச் சில அடி நடந்தால் கப்பல். 20 மைல் அளவான கடலைக் கடந்து தலைமன்னார் இறங்குதுறையில் கால் வைத்தால், அங்கே இலங்கைப் புகைவண்டி காத்து நிற்கும். ஒரே பயணச்சீட்டு வண்டிக்கும் கப்பலுக்கும் மறுகரை வண்டிக்கும் செல்லும்.

மட்டக்களப்பில் ஏறியவன் கொழும்புக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. மாகோவில் இறங்கி வடக்கே போகும் வண்டியில் மாறினால், மதவாச்சி வழியாகத் தலைமன்னாரை அடையலாம். அக்கரையில் தஞ்சாவூர்ச் சந்தியில் மீண்டும் மாறினால் திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக நாகூர். அந்தத் தஞ்சைப் பகுதிப் பாதையின் வரலாறும் நினைக்கத்தக்கது. தென்னிந்தியாவின் பழைய இருப்புப் பாதைகளுள் ஒன்று நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861 இல் திறக்கப்பட்டதாகும். உள்நாட்டு நெல்வயல்களைக் கடற்றுறையோடு சேர்ப்பதே அதன் பயன்.

நெல் என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, அத்துறையில் வந்து குவிந்த பண்டங்களை அடுக்கிச் சொல்லுமிடத்து ஈழத்து உணவையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. ஆக, இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே பண்டமும் மனிதரும் செல்வது ஆங்கிலேயர் தந்த புதுமையன்று. பழைய கடல்வழிக்கு அவர்கள் இரும்பினால் ஒரு படிக்கட்டு அமைத்தனர் என்பதே உண்மை.

அப்படிக்கட்டு எல்லார்க்கும் ஒரே தன்மையதாக இருந்ததில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. தோட்டங்களுக்குக் கூலிகளாக அழைத்து வரப்பட்டவர்கள் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, நோய்ப் பரிசோதனைக்கு உட்பட்ட பின்னரே கப்பலேறினர். அதே வழியிற் கற்றோரும் கலைஞரும் வணிகரும் நூல்களும் பத்திரிகைகளும் வந்து போயின. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற காலத்தில், அண்ணாமலை நகரும் மட்டக்களப்பும் தண்டவாளமும் கப்பலும் சேர்ந்த ஒரே கோட்டின் இரு முனைகளாக இருந்தன. ஈழத்துத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பயண அட்டவணையையும் ஒரு சான்றாகக் கொள்ளுதல் தகும்.

வாயில் மூடிய விதம்

1964 டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவையொட்டி வீசிய பெரும்புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்றுகொண்டிருந்த பயணிகள் வண்டி அதில் இருந்தவர்களோடு கடல்நீரில் அமிழ்ந்தது. அதன்பின் கப்பற் சேவை இராமேசுவரத்திலிருந்து நடந்தது. 1980களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அதுவும் நின்றது. 1990 இல் தலைமன்னார்ப் பாதையும் செயலிழந்தது. ஒரு தலைமுறை முழுதும் இராமேசுவரத்தை வரைபடத்தில் மட்டுமே கண்டு வளர்ந்தது.

2015 மார்ச் 14 ஆம் நாள் தலைமன்னார் இறங்குதுறை வரை புகைவண்டி மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நேரில் வந்து கொடியசைத்தார். ஆனால் இறங்குதுறையில் வந்து நின்ற வண்டிக்கு எதிரே கப்பல் இல்லை. அதே ஆண்டு சனவரியில் காங்கேசன்துறை வரையிலான வடக்குப் பாதையும் திறக்கப்பட்டிருந்தது. அங்கும் வண்டி முதலில் வந்தது. கப்பல் எட்டு ஆண்டுகள் பிந்தி வந்தது. 2023 யூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்று திருகோணமலையையும் காங்கேசன்துறையையும் தொட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 14 இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாட்களில் நின்ற அச்சேவை, 2024 ஓகஸ்டில் வேறொரு கப்பலுடன் மறுபடி தொடங்கிற்று. சுமார் 110 கிலோமீற்றர் கடல். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். நாகப்பட்டினத்தில் இறங்கியவர்க்கு நாகூர் அயலூர்.

இதனால் பழைய உறவு மீண்டும் கூடிவிட்டது என்று மகிழலாமா? ஓரளவு மகிழலாம். ஆனால் 1914 ஆம் ஆண்டின் ஏற்பாட்டில் இருந்த உயிர்நிலை ஒன்று இப்போது இல்லை. அன்று கப்பல் வண்டிக்காகவும் வண்டி கப்பலுக்காகவும் காத்திருந்தன. வண்டி பிந்தினால் அதன் பொறுப்பு பயணியினுடையதன்று. இன்று வண்டி ஒருவர் பொறுப்பு, கப்பல் இன்னொருவர் பொறுப்பு. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு பெட்டி சுமக்கும் பயணியின் தலைமேல். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே கடல் கொந்தளிப்பதால் சேவை தடைப்படுவதும் உண்டு. அதை முன்கூட்டி அறியாமல் மட்டக்களப்பிலிருந்து இரு வண்டி மாறி வந்து சேரும் முதியோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒலுவில் தரும் பாடம்

அப்படியாயின் நம் கரையிலேயே ஒரு துறைமுகம் அமைத்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் செய்து பார்க்கப்பட்டது. 1994 முதல் துறைமுக அமைச்சராக இருந்து, 2000 செப்டெம்பர் 16 இல் வான்விபத்தில் மறைந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் கனவுகளுள் ஒலுவில் துறைமுகமும் ஒன்று. அவர் முயற்சியால் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதே ஒலுவிலில் நிலைபெற்றது. துறைமுகமோ டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது.

கீழ்க்கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. அந்நகர்வின் நிகரம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. கடலுக்குள் கல்லணைகளை நீட்டியதும் அந்த மணல் தடைப்பட்டது. தெற்கே வந்த மணல் அணையருகிற் குவிந்து துறையின் வாயிலை மூடிற்று. வடக்கே இயல்பாகச் சேரவேண்டிய மணல் சேராமையால், ஒலுவிலின் கரையையும் நிந்தவூர்ப் பக்கத்துக் கரையையும் கடல் தின்னத் தொடங்கிற்று. தென்னந்தோட்டங்கள் சரிந்தன, கரைவலை இழுக்க நின்ற நிலமே கரைந்தது. வாணிபக் கப்பல்கள் வாடிக்கையாக வந்து போகும் நிலை ஏற்படவில்லை. மீனவர்க்கு வாழ்வு தர எழுந்த துறை மீனவரின் தோணித்துறையையே எடுத்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய கரையில் ஒரு முழம் நிலம் கடலுக்குப் போவதும் சிறு இழப்பாகாது.

இங்கிருந்து பெறும் பாடம், துறைமுகம் வேண்டாம் என்பதன்று. திருகோணமலை இயற்கையே தந்த ஆழ்துறை. மணல் நகர்வின் தொல்லை அங்கு இவ்வளவு இல்லை. ஆழ்ந்த நீர், ஒதுக்கிடம், உள்நாட்டோடு இணைக்கும் பாதை ஆகிய மூன்றும் கூடினாலன்றித் துறை நிலைக்காது. திருகோணமலைக்கு அம்மூன்றும் 1927 முதல் உண்டு. நம் கரைக்கு அவற்றுள் ஒன்றும் இயல்பாக இல்லை. ஆகவே, கல்லையும் சீமெந்தையும் கேட்பதற்கு முன்னர், இருக்கும் துறைகளோடு நம்மை இணைக்கும்படி கேட்பதே அறிவுடைமை.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, மட்டக்களப்பில் வண்டி வந்து சேரும் நேரத்துக்கும் புறப்படும் நேரத்துக்கும் இசைய, பொத்துவில் வரையிலான ஊர்களுக்கு நிலைய வாயிலிலிருந்தே பஸ் வண்டிகள் செல்லுதல் வேண்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. இரு திணைக்களங்கள் ஒரே கடிகாரத்தைப் பார்த்தால் போதும். இரண்டாவது, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பெறும் ஒரே சீட்டு, மாகோ வழியாகக் காங்கேசன்துறைக்கும் அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கும் செல்லத்தக்கதாக வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் கைகூடியது இன்று கூடாது என்பதற்கு நியாயம் இல்லை. மூன்றாவது, தெற்கு நோக்கித் தண்டவாளத்தை நீட்டுவதானால், நெருங்கிய கடற்கரை ஊர்களை ஊடறுக்காமல் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வழியாக அதனைக் கொண்டு வரலாமா என்று நேர்மையாக அளந்து பார்த்தல் வேண்டும். வெள்ளமும் வயலும் அங்கே உண்டு; ஆயினும் இடிக்க வேண்டிய வீடுகள் குறைவு. நான்காவது, புதிதாக எதைக் கட்டுமுன்னும் ஒலுவிலின் கரையைக் காப்பாற்றும் கடமை முதலில் நிற்கின்றது.

இக்கோரிக்கைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்கலாம். ஆசிரியப் பெருமக்கள் மாணவரிடம் இலங்கைப் படத்தைத் தந்து, கல்முனையிலிருந்து நாகூருக்கு வழி வரையச் சொல்லட்டும். எங்கே கோடு அறுகின்றது, ஏன் அறுகின்றது என்று அவர்களே கண்டு கேட்கட்டும். பூகோளமும் சரித்திரமும் இலக்கியமும் அந்த ஒரு கோட்டிலே சேர்ந்திருக்கின்றன. அடுத்த ஜமாதுல் ஆகிரிலும் இரு கரைகளிலும் கொடி ஏறும். ஒரு கரையில் கொடி ஏறக் கண்டவர், அதே கந்தூரி முடியுமுன் மறு கரையை எட்டும்படி வண்டியும் கப்பலும் நேரம் ஒத்து ஓடவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.