சாரதியில்லாத வண்டி நெடுஞ்சாலையில் சேரும் விதம்

விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழித் திட்டத்தினால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அகன்றுவிட்ட தேசிய நெடுஞ்சாலையில், பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து பி.முட்லூர் வழியாக வந்து சேர விரும்பும் கார் ஒன்று, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு நிதானமாக உயர, ஏழெட்டு விநாடியும் ஏறக்குறைய 120 மீட்டர் தூரமும் பிடிக்கும். பின்னே வரும் லாரி வேகம் தணிக்குமா, பஸ் வலப்புறம் ஒதுங்குமா என்பதையெல்லாம் அந்தச் சொற்ப அவகாசத்தில் கண்ணாடியைப் பார்த்தே சாரதி ஊகிக்க வேண்டும். ஊகம் பிசகினால் ஒருவர் பிரேக்கை மிதிக்கிறார். பின்னால் வருபவர் அதைவிட அழுத்தி மிதிக்கிறார். 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீராக ஓட்டச் செய்து, தடை ஏதுமின்றியே நெரிசல் அலையாகப் பின்னோக்கிப் பரவுவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் நிரூபித்தார்கள்.

வண்டிகள் தம் இருப்பிடத்தையும் வேகத்தையும் விநாடிக்குப் பத்து முறை ரேடியோ மூலம் அறிவித்துக்கொண்டே வருமானால், யார் பின்னே யார் செல்வது என்பது சந்திப்புக்கு வெகு முன்னரே தீர்மானமாகிவிடும். நுழையும் வண்டி, பிரதான சாலையில் தனக்கு முந்திய வண்டி தன் பாதையிலேயே முன்னால் போவதாகப் பாவித்து, அதற்குரிய இடைவெளியோடு தொடர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி இடைவெளி என்பது 44 மீட்டர். புதியவனுக்கு அவ்வளவு இடத்தை, வேகத்தை 76-க்கு மட்டும் குறைத்து உண்டாக்க வேண்டுமானால், பின்வரும் வண்டி நாற்பது விநாடிக்கு முன்பே, அதாவது ஏறத்தாழ 850 மீட்டர் தொலைவிலேயே, தொடங்க வேண்டும். வண்டியின் ரேடியோ சாதாரணமாகச் சில நூறு மீட்டரே எட்டுமாதலால், செய்தியை வாங்கி அனுப்பச் சாலையோர நிலையமும் அவசியமாகிறது. பஸ்ஸின் படியில் தொங்கியபடி கையை நீட்டி இடம் கேட்கும் நம் கண்டக்டர் செய்வதும் இதே காரியம்தான். அவர் கை எட்டும் தூரம்தான் குறைவு.

1997-இலேயே கலிபோர்னியாவின் சான் டியேகோவில் எட்டுக் கார்கள் சுமார் ஆறரை மீட்டர் இடைவெளியில் தாமாக ஓடிக் காட்டின. ஆனால் அந்தப் பாதையில் கரும்பு டிராக்டரும், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளும் கிடையா. செய்தி அனுப்பாத இவற்றை யந்திரம் தன் காமிராவாலும் ரேடாராலும் தானே கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொண்டாலும், டிராக்டர் ஓட்டுபவரின் உத்தேசம் அதற்கு விளங்கப்போவதில்லை. ஆகவே நம் பக்கத்தில் ரேடியோவுக்குச் செலவிடுமுன், சேரும் இடங்களில் வேகம் கூட்டப் போதிய நீளமுள்ள தனிப் பாதையும், இரவில் நல்ல விளக்கும் அமைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்; அவை இன்றைய சாரதிக்கும் பயன்படும், நாளைய யந்திரத்துக்கும் பயன்படும்.